கூண்டுக்கும் சட்டிக்கும் நடுவே: தாம்பரம் வட்டாரத்தில் ஒரு சுற்று

தென் மாவட்டங்களிலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் இரயில்கள், சென்னை மாநகருக்குள் நுழையுமுன் மூச்சு வாங்கும் இடம் தாம்பரம். நெல்லையிலும் இராமநாதபுரத்திலும் தஞ்சையிலும் வேர்விட்ட எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள், பிழைப்பை நாடி மூட்டை முடிச்சுகளுடன் வந்திறங்கிய வாசலும் இதுவே. 1928-ல் காசநோயாளிகளுக்கான சானடோரியம் இங்கே எழுந்தது. 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி மாநகரை விட்டு இவ்வூரின் மரநிழலுக்குக் குடிபெயர்ந்தது. 1964-ல் நகராட்சியான இவ்வூர், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளையும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகளையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு 2021-ல் மாநகராட்சியாக உயர்ந்தது.

ஓர் ஊரின் கதையைக் கல்வெட்டிலும் கட்டடங்களிலும் படிப்பது போலவே அடுப்பங்கரையிலும் படிக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீடு திரும்புவோருக்கும், ஞாயிற்றுக்கிழமை விருந்தினரை எதிர்பார்க்கும் இல்லத்தரசிக்கும் கோழிக்கறி இன்று கைக்கெட்டிய உணவாகிவிட்டது. ஒரு தலைமுறைக்கு முன்பு மருமகன் வந்தால் மட்டுமே கொல்லைப்புறத்துச் சேவலைத் தேடிய வீடுகள் அவை! கூண்டில் இருக்கும் கோழி நம் வீட்டுச் சட்டிக்கு வந்து சேரும் வரை அதைக் கவனிப்பவர் யார்? எந்தச் சட்டம் எங்கே தொடங்குகிறது? இந்தக் கேள்விகளோடு தாம்பரம் வட்டாரத்தை ஒருமுறை சுற்றி வருவோம்.

மேற்கே கடைத்தெரு

இரயில் நிலையத்தின் மேற்கு வாயிலில் இறங்கினால் சண்முகம் சாலையின் சந்தடி நம்மை எதிர்கொள்ளும். காய்கறி, பழம், துணிமணி, பாத்திரம் எனக் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு அது. அங்கிருந்து முடிச்சூர்ச் சாலை வழியே நடந்தால், தெருவுக்குத் தெரு கோழிக்கடைகளைக் காணலாம். வாசலில் கம்பிக் கூண்டு, உள்ளே வெள்ளைக் கறிக்கோழிகள், மேலே அன்றைய விலையைச் சாக்கட்டியால் எழுதிய பலகை. இதுவே அவற்றின் பொது அடையாளம்.

வாடிக்கையாளர் ஒரு கோழியைக் காட்டுகிறார். கடைக்காரர் அதை நிறுத்துப் பார்த்து, பிஸ்மில்லாஹ் கூறி அறுத்து, தலைகீழாகக் கூம்பில் வைக்கிறார். இரத்தம் வடிந்து உயிர் முழுவதும் அடங்கிய பின்னரே கோழியை வெந்நீருக்கோ தோல் உரிப்பதற்கோ எடுக்க வேண்டும். மார்க்க ஒழுங்கும் சுகாதார நூலும் இங்கே ஒரே குரலில் பேசுகின்றன. ஆனால் வரிசையில் பத்துப் பேர் நின்று அவசரப்படுத்தும் ஞாயிறு காலையில் அந்தச் சில நிமிடங்கள் சுருங்கிவிடக் கூடும். அதில் கடைக்காரரைப் போலவே வரிசையில் நிற்கும் நமக்கும் பங்குண்டு.

இக்கடைகளுக்கு வரும் பறவை பெரும்பாலும் 35 முதல் 42 நாட்களில் இரண்டு கிலோ எடையை எட்டும் கறிக்கோழி. 1984-ல் உடுமலைப்பேட்டையில் தொடங்கப்பட்ட சுகுணா நிறுவனம் 1990-களில் பரப்பிய ஒப்பந்த வளர்ப்பு முறை, கொங்கு நாட்டில் வேரூன்றிப் பின்னர் நாடெங்கும் பரவியது. அம்முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தினுடையவை. கொட்டகையும் உழைப்பும் விவசாயியினுடையவை. வளர்த்ததற்குக் கூலி கிடைக்குமே தவிர, கோழி அவருக்குச் சொந்தமன்று. ஆகவே தான் வளர்த்த கோழியைத் தன் கையால் அண்டை வீட்டாருக்கு விற்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. அந்த உரிமை இன்னும் யாரிடம் மிஞ்சியிருக்கிறது என்பதை அறிய, இருப்புப்பாதையைக் கடந்து கிழக்கே செல்ல வேண்டும்.

கிழக்கே ஏரிக்கரை ஊர்கள்

கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் வழியாகக் கேம்ப் ரோடு சந்திப்பை அடைந்து, அகரம்தென் செல்லும் சாலையில் திரும்பினால், அடுக்குமாடிகள் மெல்லக் குறைந்து பழைய கிராமத்தின் முகம் தென்படும். மாடம்பாக்கம், வேங்கைவாசல், அகரம்தென் ஆகியவை ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள். நிலம் மனைகளாகிவிட்ட பிறகும், கொல்லைப்புறத்தில் பத்து இருபது நாட்டுக்கோழி வளர்க்கும் வழக்கம் இப்படிப்பட்ட ஊர்களை விட்டு முற்றிலும் அகன்றுவிடவில்லை. பெரும்பாலும் அது பெண்களின் தொழில், பெண்களின் சேமிப்பு. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் நோன்புப் பெருநாளுக்கான புத்தாடையும் கோழிக் கூட்டிலிருந்து வந்த குடும்பங்களை நாம் அறிவோம் அல்லவா?

நாட்டுக்கோழி கறிக்கு உகந்த எடையை அடைய நான்கைந்து மாதங்கள் ஆகும். சிறுவிடை, பெருவிடை என்று நம் முன்னோர் பெயரிட்டு வளர்த்த இனங்கள் அவை. இவற்றோடு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழி போன்ற இனங்களும் சிறு வளர்ப்போருக்குக் கைகொடுக்கின்றன. 1989-ல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும், வண்டலூரைத் தாண்டிப் பெருஞ்சாலையில் தெற்கே சென்றால் காட்டுப்பாக்கத்தில் உள்ளன. கோழி வளர்ப்புப் பயிற்சியை நாடுவோர் அதற்காக நெடுந்தொலைவு அலைய வேண்டியதில்லை.

வளர்க்கக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் வளர்த்ததை அறுத்துச் சுத்தம் செய்து, கறியாக நேரே நுகர்வோரிடம் விற்க முனையும்போதுதான் சட்டத்தின் வாசற்படி குறுக்கே வருகிறது.

கத்தி படும் நொடி

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 18-ஆம் பிரிவு விவசாயிக்கும் அவரது கால்நடைக்கும் பண்ணைத் தொழிலுக்கும் அச்சட்டம் பொருந்தாது என்று விலக்களிக்கிறது. உணவு என்ற சொல்லுக்கு இலக்கணம் கூறும் பிரிவும், விற்பனைக்குரிய உணவாகப் பக்குவப்படுத்தப்படாத உயிருள்ள பிராணியை உணவாகக் கொள்வதில்லை. ஆகவே, கொல்லைக் கோழியை உயிரோடு விற்கும் மூதாட்டி இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறார். அதே கோழியை அறுத்துக் கறியாகக் கொடுத்தாலோ, அவர் உணவு வணிகராகிறார்! கத்தி படும் வரை விவசாயி. பட்ட பிறகு வணிகர். ஒரு நொடியில் ஒருவரின் சட்ட நிலையே மாறிவிடுகிறது.

அப்படி மாறியவரைச் சட்டம் ஒரேயடியாக விரட்டிவிடவில்லை. 2011-ல் வெளிவந்த உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகள் கோழி அறுப்போரை மூன்று படிகளாகப் பிரித்தன. நாளொன்றுக்கு 50 கோழிகள் வரை அறுப்பவர் சிறு வணிகர். பதிவு செய்துகொண்டால் போதும். 50-க்கு மேல் 1,000 வரை அறுப்பவருக்கு மாநில அளவிலான உரிமம் வேண்டும். 1,000-க்கு மேல் போனால் மத்திய உரிமம் வேண்டும். சிறு வணிகரின் பதிவுக்கு அன்று வைக்கப்பட்ட கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்.

ஒரு கிலோ கறியின் விலைக்கும் குறைவான செலவில் பெறக்கூடிய அந்தச் சான்றைச் சுவரில் மாட்டியிருக்கும் கடைகள் எத்தனை? அதைக் கேட்டுப் பார்த்த வாடிக்கையாளர்கள்தாம் எத்தனை பேர்? சட்டம் கடுமையானது என்று குறைகூறுவோரில் பலர், அது சிறியவருக்குத் திறந்து வைத்திருக்கும் வாசலைக் கண்டதே இல்லை.

மூன்று மாதக் கேள்வி

ஆயினும் எல்லா வாசல்களும் அவ்வளவு அகலமானவை அல்ல. 2001-ல் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அறுவைக் கூடங்களுக்கென விதிகள் இயற்றப்பட்டன. நகர எல்லைக்குள் அங்கீகாரமோ உரிமமோ பெற்ற அறுவைக் கூடத்தில் அன்றி வேறெங்கும் பிராணிகளை அறுக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. கால்நடை மருத்துவர் தகுதிச் சான்று அளிக்காத பிராணியையும், மூன்று மாதத்துக்குக் குறைந்த வயதுடைய பிராணியையும் அறுக்கலாகாது என்பது மற்றொன்று.

இப்போது எண்ணிப் பாருங்கள். கடையில் விற்கும் கறிக்கோழியின் ஆயுளே ஆறு வாரம். விதியின் சொற்களை அப்படியே கோழிக்கும் பொருத்தினால் நாட்டில் ஒரு கறிக்கோழியைக்கூட அறுக்க இயலாது! ஆட்டையும் மாட்டையும் மனத்திற்கொண்டு எழுதிய விதி, கோழிக்கடையின் வாசலில் தடுமாறி நிற்கிறது.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத் மாநிலம் சூரத் முதலிய இடங்களில், அறுவைக் கூடத்தில் அல்லாமல் கடையிலேயே கோழி அறுத்தார்கள் என்பதற்காகவும் உரிமக் குறைபாடுகளுக்காகவும் கடைகள் மூடப்பட்டன. கடைக்காரர்கள் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். கோழியும் ஒரு விலங்குதானா என்ற கேள்வி அங்கே எழுந்தது. கோழி வகைகளும் விலங்குகளில் அடங்கும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. படிப்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம்; ஆனால் அன்றாடம் கூண்டைத் திறந்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலிருந்த குடும்பங்களுக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி. குஜராத்தில் எழுந்த கேள்வி தாம்பரத்தில் எழாது என்று எவரால் உறுதி கூற முடியும்?

அதேவேளை, அவ்விதிகளில் நம் நெஞ்சைத் தொடும் ஒன்றும் உண்டு. ஒரு பிராணியின் கண்முன்னே மற்றொன்றை அறுக்கலாகாது என்று அவை கட்டளையிடுகின்றன. கத்தியை நன்கு தீட்டிக்கொண்டு, அறுக்கப்படும் உயிருக்கு வேதனையைக் குறைக்கும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். ஒன்றைப் பார்க்க வைத்து மற்றொன்றை அறுப்பதை நம் மார்க்க அறிஞர்களும் கண்டித்தே வந்துள்ளனர். கூண்டுக்கும் அறுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு வைத்தால் சட்டமும் நிறைவேறும், சுன்னத்தும் பேணப்படும். எத்தனை எளிய காரியம்!

கால்களைச் சேர்த்துக் கட்டிக் கொத்துக் கொத்தாக இரு சக்கர வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கோழிகளைக் கொண்டு செல்லும் காட்சியும் இவ்வட்டாரத்துக்குப் புதியதன்று. தேவையற்ற வேதனை தரும் முறையில் பிராணிகளைக் கொண்டு செல்வது 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதே சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ஒரு சமயத்தார் தம் மார்க்கம் வேண்டும் முறையில் பிராணியை அறுப்பது குற்றமாகாது என்று பாதுகாப்பளிக்கிறது. அப்பாதுகாப்பைப் பெற்ற சமுதாயம், வழியெல்லாம் அந்த உயிரை வதைத்துக் கொண்டுவரலாமா?

கடல் கடந்து

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு அவிழ்த்தன என்று காண்பதும் பயன் தரும். அமெரிக்காவில் 1957-ல் கோழி இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. பெரிய ஆலைகளில் அரசுப் பரிசோதகர் இருந்தே தீர வேண்டும். ஆனால், தானே வளர்த்த கோழிகளைத் தானே அறுத்து விற்கும் சிறு விவசாயிக்கு ஆண்டுக்கு 1,000 கோழிகள் வரையிலும், கூடுதலான சில நிபந்தனைகளுடன் 20,000 வரையிலும் அந்த நித்தியப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு. சுத்தத்திலிருந்து மட்டும் விலக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியமும் 2004-ல் இயற்றிய சுகாதார விதிகளில், பண்ணையிலேயே அறுத்துச் சிறு அளவில் நேரே நுகர்வோருக்குத் தரும் கோழிக்கறியைத் தனியே பிரித்து, அதற்குரிய ஒழுங்கை அந்தந்த நாட்டின் பொறுப்பில் விட்டது.

நம் கணக்கையும் இதனோடு ஒப்பிடலாம். நாளுக்கு 50 என்றால் ஆண்டுக்கு 18,250. அமெரிக்காவின் மேல் வரம்புக்கு ஏறக்குறையச் சமம்! ஆக, சிறியவரைச் சிறியவராகவே நடத்த வேண்டும் என்ற அறிவு நம் சட்டத்திலும் இருக்கிறது. இல்லாதது அதைத் தொடர்ந்து வரவேண்டிய துணை. நீரும் வடிகாலும் குளிர்ப்பெட்டியும் கொண்ட இடவசதி.

சுத்தத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்த வேண்டும்? 1997-ல் ஹாங்காங்கில் உயிர்க்கோழிச் சந்தைகள் வழியாகப் பறவைக் காய்ச்சல் மனிதரைத் தொற்றியது. 18 பேர் நோயுற்று, அவர்களில் 6 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் அதிகமான கோழிகள் அழிக்கப்பட்டன. இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக 2006-ல் மராட்டிய மாநிலம் நவாப்பூரில் தென்பட்டது. ஒரு கூண்டில் புகும் நோய், ஒரு வட்டாரத்தின் தொழிலையே வாரிக்கொண்டு போகும்.

ஏரி திருப்பித் தரும் பாடம்

தாம்பரத்துக்கு உரிய தனிக் கவலை ஒன்றும் உண்டு. இது ஏரிகளின் பூமி. சேலையூர், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை என்று ஏரிகள் கோத்துக் கிடக்கும் வட்டாரம். மேற்கே அடையாற்றின் நீர்வழி முடிச்சூரை ஒட்டிச் செல்கிறது. ஒரு கோழியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு இறகும் குடலும் இரத்தமுமாகக் கழிந்துவிடும். ஐம்பது கோழி அறுக்கும் சிறு கடையிலும் நாளொன்றுக்கு முப்பது கிலோ கழிவு சேரும். அது மூட்டையாகக் கட்டப்பட்டு இருளில் ஏரிக்கரைக்கோ வடிகாலுக்கோ போய்ச் சேர்ந்தால் என்னவாகும்? நாய்கள் கூடும், கொசு பெருகும், நிலத்தடி நீர் கெடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மக்கள் மாடிகளில் தஞ்சம் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. வடிகாலில் நாம் எறிவதை மழை நம் வீட்டு வாசலுக்கே திருப்பிக் கொண்டுவந்து வைக்கும்.

அதே கழிவு முறையாகச் சேர்க்கப்பட்டு உரிய ஆலைக்குப் போனால் தீவன மூலப்பொருளாகவும் கொழுப்பு எண்ணெயாகவும் மாறும் என்பதையும் அறிய வேண்டும். தனியொரு கடைக்காரரால் அது ஆகாது. இருபது கடைகள் ஒன்றுசேர்ந்தால் ஆகும்.

நம் கையில் உள்ளவை

உண்பது ஹலாலாக இருக்க வேண்டும் என்பதில் நம் சமுதாயம் விழிப்பாகவே இருக்கிறது. ஆனால் நம் வேதம் ஹலாலோடு தய்யிப் என்ற சொல்லையும் இணைத்தே பேசுகிறது. ஆகுமானதாக இருப்பதோடு தூய்மையானதாகவும் நல்லதாகவும் இருக்க வேண்டும். அறுத்த கை யாருடையது என்று கேட்கும் நாம், கழுவிய நீர் எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டாமா? இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளர் இருந்தார். எடைக்கல்லை மட்டுமின்றிக் கசாப்புக்காரரின் கத்தியையும் கடையையும் சோதிப்பது அவர் கடமையாக இருந்தது. சுத்தத்தைக் கேட்டு வாங்குவது நமக்கு அந்நிய வழக்கமன்று.

கண்ணெதிரே, அறிந்தவர் கையால், இறைவன் பெயர் கூறி அறுத்த கோழியை வாங்கும் வசதி ஒரு பெரும் பாக்கியம். எங்கோ அறுத்து, உறையில் அடைத்து, ஒரு முத்திரையை மட்டும் நம்பி வாங்கும் நிலைக்கு உலகின் பல நகரங்களில் உள்ள முஸ்லிம்கள் தள்ளப்பட்டுவிட்டனர். அந்தப் பாக்கியத்தை நம்மிடமிருந்து பறிக்கச் சட்டம் ஒன்று வர வேண்டியதில்லை; நம் அலட்சியமே போதும். ஈ மொய்க்கும் வெட்டுக்கட்டையும் ஏரிக்கரை மூட்டையும் தொடர்ந்தால், சிறு கடைகள் வேண்டாம் என்று சொல்வோரின் வாதம் தானே வலுப்பெறும். சிறியவரைக் காக்க விரும்புவோர் முதலில் அவரைச் சுத்தமானவராக்க உதவ வேண்டும்.

செய்யக் கூடியவை பல. வட்டாரத்துக்கொன்றாகக் கோழிகளுக்கென்றே சிறிய பொது அறுவைக் கூடத்தை மாநகராட்சி அமைத்துத் தந்தால், கொல்லையில் கோழி வளர்க்கும் பெண்ணும் அங்கே கொண்டுவந்து, நிர்ணயித்த கூலி கொடுத்து, சுத்தமான கறியாகத் தன் வாடிக்கையாளருக்கு விற்கலாம். கோழிகளுக்குப் பொருந்தும் தனி விதிகளை வகுத்து, மூன்று மாதச் சிக்கல் போன்றவற்றை நீக்குமாறு ஆட்சியாளரிடம் மனுச் செய்யலாம். ஜமாஅத் நிர்வாகிகள் தம் மஹல்லாவில் உள்ள கறிக்கடைக்காரர்களை ஒருநாள் அழைத்து, பதிவு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கலாம். கணினி அறிந்த நம் இளைஞர்களுக்கு அது அரைமணி நேர வேலை.

இல்லத்தரசிகளுக்கும் பங்குண்டு. உயிர் எடைக்கு விலையா, கறி எடைக்கு விலையா என்று முன்பே கேட்டுத் தெளியுங்கள். வாங்கிய கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். குழாயடியில் நீர் தெறிக்கக் கழுவாமல், அகன்ற பாத்திரத்தில் மெதுவாகக் கழுவி, அந்த இடத்தையும் கையையும் சோப்பிட்டுத் தூய்மை செய்யுங்கள். கறி நறுக்கிய பலகையில் அப்படியே வெள்ளரியும் வெங்காயமும் நறுக்க வேண்டாம். எலும்பை ஒட்டிய சதையிலும் இளஞ்சிவப்பு மறையும் வரை நன்கு வேகவிடுங்கள். கடைக்கு அனுப்பும் பிள்ளையிடம், பதிவுச் சான்று சுவரில் இருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாமவர் கேட்குமுன் அது சுவரில் ஏறிவிடும்.

அவ்வாறு கேட்கும்போது கடைக்காரர் நமக்குப் பகைவர் அல்லர் என்பதையும் நினைவில் வைப்போம். விடியுமுன் எழுந்து, நீரிலும் இரத்தத்திலும் நின்று, நம் வீட்டு விருந்துக்கு வழி செய்பவர் அவர். ஒரு கோழிக்கு இன்னும் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் சுத்தமான கடையிலேயே வாங்குவேன் என்று நூறு குடும்பங்கள் உறுதி கொண்டால், தாம்பரத்தின் கோழிக்கடைத் தெருக்கள் மாறும்; ஏரிக்கரைகள் மாறும்; கொல்லைப்புறத்துக் கூடும் பிழைத்துக் கொள்ளும். நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் ஆகுமானதாகவும் தூய்மையானதாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக!